நாய்க்கும் இரத்த தானம்

நாய்க்குக்கூட இரத்தம் ஏற்றுவார்களா என்று நம் விடுதி நண்பர் சிலர் சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு. ஏற்றுகிறார்கள், அதனால் பிழைத்த நாய்கள் பல. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாயின் உடலில் இரத்த அணுக்கள் அழிகின்றன. ஈறு வெளுத்து, எழவும் வலுவின்றி அது சுருண்டு விடுகிறது. மருந்து வேலை செய்யும்வரை உயிரைத் தாங்கி நிற்பது வேறொரு நாயின் இரத்தமே.

இதற்கு ஆய்வுக்கூடமும், கருவிகளும், அருகிருந்து கவனிக்கும் ஆட்களும் வேண்டும். இவை ஒருங்கே அமைவது பெரும்பாலும் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகளில்தான். நம் எலெக்ட்ரானிக் சிட்டி நகரின் தென்கோடியில் இருக்கிறது. 1958-இல் தோன்றிய பெங்களூர்க் கால்நடை மருத்துவக் கல்லூரியோ வடக்கே ஹெப்பாளில் இருக்கிறது. இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்! மாலை வேளையில் சில்க் போர்டு சந்திப்பைக் கடந்தவர்க்கு அத்தொலைவின் பொருள் நன்கு விளங்கும்.

கல்லூரி மருத்துவமனையின் நோயாளி வாய் பேசாது. ஆகவே மாணவர் முதலில் உடையவரைக் கேட்கிறார்: எப்போது உண்டது? சிறுநீர் என்ன நிறம்? பிறகு ஆசிரியர் வந்து மறுபடியும் தொட்டுப் பார்க்கிறார். இத்தனை பேர் சூழ்ந்து நிற்கிறார்களே, நேரம் போகிறதே என்று சலிப்போர் உண்டு. நாளைய மருத்துவர் வேறெங்கே கற்பார்? பொறுமையோடு காத்திருப்போரையே இம்மருத்துவமனைகளின் முதல் ஆதரவாளர் என்பேன்.

அடுத்த ஆதரவாளர் நான்கு காலினர். 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கென்றே இரத்த வங்கி உண்டு. நாய்களிலும் இரத்த வகைகள் பல. அவற்றுள் முதன்மையானது டி.இ.ஏ. 1. ஆயினும் பிற வகையை எதிர்க்கும் பொருள் நாயின் உடலில் இயல்பாக மிகுதியாய் இராமையால், முதன்முறை ஏற்றும்போது பெருங்கேடு நேர்வது அரிது. மறுமுறை அப்படியன்று, பொருத்தம் பார்த்தே தீர வேண்டும். பூனைக்கோ முதன்முறையே ஆபத்து. பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தம் சிறிது ஏற்றினாலும் உயிர் போகக்கூடும்.

கொடை தரும் நாய் 25 கிலோவுக்குக் குறையாமலும், நோயற்றதாகவும், தடுப்பூசிகள் போட்டதாகவும், சாதுவாகவும் இருத்தல் நலம். ராஜபாளையம், லாப்ரடார் போன்ற பெரிய நாய்கள் பொருத்தமானவை. கழுத்து நரம்பிலிருந்து சுமார் 450 மில்லி லிட்டர் எடுக்கிறார்கள். மனிதர்க்குப் பயன்படும் அதே வகைப் பைதான்! அணுக்களையும் பிளாஸ்மாவையும் பிரித்துவிட்டால் ஒரு நாயின் கொடை இரண்டு நோயாளிகளுக்கு உதவும். பிளாஸ்மாவை உறைய வைத்து ஓராண்டுவரை காக்கலாம். அணுக்களோ சில வாரங்களே தாங்கும். அதனால்தான் புதிய கொடையாளிகள் ஓயாமல் தேவைப்படுகின்றனர். வீட்டில் பெரிய நாய் வளர்க்கும் அன்பர்கள், அடுத்த முறை தடுப்பூசிக்குச் செல்லும்போது மருத்துவரிடம் இதையும் கேட்டு வரலாம்.