வீட்டுக்காரரும் குடியிருக்கும் விடுதி

புதுச்சேரிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையைச் சுற்றியே தங்குகிறார்கள். நகரத்தின் பழைய தெருக்களில் இரண்டு நாள், ஆரோவிலில் அரை நாள், பிறகு ஈசிஆர் வழியாகத் திரும்பிவிடுகிறார்கள். வில்லியனூர் தாண்டித் தென்மேற்கே நெட்டப்பாக்கம் போகும் பேருந்தில் ஒருவர் பெட்டியோடு ஏறினால், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறார் என்றுதான் பக்கத்து இருக்கைக்காரர் நினைப்பார். கரும்பும் நெல்லும் ஏரிப் பாசனமுமாக இருக்கும் இந்தப் பகுதியில் பார்க்கவும் கேட்கவும் நிறைய உண்டு. ராத்தங்கிப் பார்க்க வருகிறவர்கள்தான் குறைவு.

இங்கே ஓட்டல் கட்டினால் நடக்குமா? நடப்பது கடினம். ஓட்டலுக்கு வரவேற்பாளர், சமையல்காரர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் எல்லாரும் வேண்டும். அறை காலியாகக் கிடக்கும் நாளிலும் இவர்களுக்குச் சம்பளம் உண்டு, ஜெனரேட்டரும் வங்கிக் கடனின் வட்டியும் நிற்பதில்லை. அதனால் ஆண்டு முழுவதும் பாதி அறைகளாவது நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும். கிராமத்துக்கு ஆள் அப்படி வருவதில்லை. மார்கழி, தையில் வருவார்கள், கோடையில் வர மாட்டார்கள்.

குடியிருக்கிற வீட்டிலேயே ஒன்றிரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுவதென்றால் கணக்கு தலைகீழாகிவிடும். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வீட்டில் உலை கொதிக்கும், வாசல் தெளிப்பார்கள், விளக்கு எரியும். அறை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் பெரிய நஷ்டமில்லை; பத்து இரவு ஆள் வந்தால் அது வீட்டுக்கு மேல்வருமானம். படுக்கையும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒரே வாடகை என்பதால் ஐரோப்பாவில் இதற்கு 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்று பெயர் வந்தது. இந்தியாவில் 'ஹோம்ஸ்டே' என்றால் எல்லாருக்கும் புரியும்.

மத்திய சுற்றுலா அமைச்சகம் இரண்டையும் ஒரே திட்டத்தில் வைத்திருக்கிறது. விதிகளில் முதலாவது, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும் என்பது. வாடகைக்கு விடும் அறைகள் குறைந்தது ஒன்று, அதிகபட்சம் ஆறு. மொத்தம் 12 படுக்கைக்கு மேல் கூடாது. சமவெளியில் அறை 120 சதுர அடிக்குக் குறையக் கூடாது, குளியலறை 30 சதுர அடியாவது இருக்க வேண்டும். வசதியைப் பொறுத்துத் தங்கம், வெள்ளி என்று தரம் பிரிக்கிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாகக் குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். அளவு, படிவம் எல்லாம் எந்த விடுதிக்கும் உள்ளவைதான். குடும்பம் உள்ளே இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு விதிதான் ஹோம்ஸ்டேயை விடுதியிலிருந்து வேறாக்குகிறது.

பிரான்சிலும் சட்டம் இதையேதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்நாட்டுக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, பண்ணை வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆல்ப்ஸ் மலைப் பகுதியைச் சேர்ந்த எமில் ஒபேர் என்ற செனட் உறுப்பினர், அந்த வீடுகளைச் செப்பனிட்டு நகரத்துக் குடும்பங்களுக்கு விடுமுறை வாடகைக்கு விடலாம் என்று முயற்சி எடுத்தார். அப்படிப்பட்ட முதல் வீடு 1951-ல் திறக்கப்பட்டது. அதற்கான தேசியக் கூட்டமைப்பு 1955-ல் உருவானது. முதல் வீடு திறந்தபோது நெட்டப்பாக்கம் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. கூட்டமைப்பு உருவாவதற்குள் இங்கே அந்த ஆட்சி முடிந்துவிட்டது. இன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி, வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது, விருந்தினர் பதினைந்து பேரைத் தாண்டக் கூடாது, காலை உணவு கட்டாயம், வருகிறவரை வீட்டுக்காரரே வரவேற்க வேண்டும். அந்த ஊர்க் கொம்யூனின் மேயரிடம் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.

வீட்டுக்காரர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டச் சிரமப்பட்ட இரண்டு இளைஞர்கள், வடிவமைப்பாளர் மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தங்கள் கூடத்தில் மூன்று காற்று மெத்தைகளை விரித்துக் காலை உணவும் கொடுத்தார்கள். ஏர்பிஎன்பி அங்கேதான் பிறந்தது. பெயரில் உள்ள 'பிஎன்பி' அந்தப் படுக்கையும் காலை உணவும்தான். ஆனால் சில ஆண்டுகளிலேயே முதலீட்டாளர்கள் அடுக்குமாடி வீடுகளை வாங்கி, யாரும் குடியிருக்காமல், பயணிகளுக்கு மட்டும் விடத் தொடங்கினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது கடினமானது. 2023 செப்டம்பரிலிருந்து நியூயார்க்கில் 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுகிறவர் தாமும் அங்கே இருந்தாக வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சிலோனா நகராட்சி, 2028-க்குள் சுமார் பத்தாயிரம் சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறது.

தமிழ் வீட்டின் அமைப்பே வழிப்போக்கரை எதிர்பார்த்துக் கட்டியது. தெருவோரத்தில் தாழ்வாரம், அதன்கீழ் திண்ணை, உள்ளே நுழைந்தால் இடைகழி, பிறகு முற்றம், கூடம். வெளியாள் எதுவரை வரலாம் என்பதைச் சுவர்களே சொல்லிவிடும். முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் சந்தித்த கதை நடப்பதும் இடைகழியில்தான். ஒருவர் படுக்கவும் இருவர் உட்காரவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடமிருந்த அந்த நடையில் மூவரும் நின்றே இரவைக் கழித்தார்கள் என்பது வைணவ மரபு. திருக்கோவலூரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணைதான் கீழே இறங்கி வந்து, நெட்டப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள பாகூர் வட்டாரத்துக்கும் தண்ணீர் தருகிறது.

அந்தத் திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்தச் சாதிக்காரர் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்ற கணக்கு ஊருக்கு ஊர் இருந்தது. ஓட்டல்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார். கிராமத்து வீட்டில் தங்கப் போனால், 'நீங்க எந்தப் பக்கம்? என்ன ஆளுங்க?' என்ற கேள்வி காபிக்கு முன்பே வந்துவிடக்கூடும். ஹோம்ஸ்டே நடத்த முன்வருகிற குடும்பம் முதலில் விட வேண்டியது இந்தக் கேள்வியைத்தான். கட்டில், மெத்தை, ஏசி எல்லாம் அப்புறம். வருமானமும் ஊர்த்தெருவோடு நின்றுவிடாமல் காலனி வரை போக வேண்டும்.

அதற்கு வழி காட்டுவது லடாக். அங்கே ஹெமிஸ் தேசியப் பூங்காப் பகுதிக் கிராமங்களில் பனிச்சிறுத்தைகள் தொழுவத்துக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றன. ஆத்திரத்தில் மக்கள் சிறுத்தைகளைக் கொன்றார்கள். பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 2000-களின் தொடக்கத்தில் ரும்பாக் போன்ற ஊர்களில் மலையேறிகளை வீடுகளில் தங்கவைக்க ஏற்பாடு செய்தது. விருந்தினர் முறைவைத்து வீடு வீடாக அனுப்பப்படுகிறார்கள். அதனால் வசதியான ஒரே வீடு எல்லாரையும் அள்ளிக்கொள்ள முடியாது. வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொது நிதிக்குப் போகிறது. சிறுத்தை உயிரோடு இருந்தால்தான் விருந்தாளி வருவார் என்றானதும், அதன்மேல் இருந்த கோபம் தணிந்தது.

நெட்டப்பாக்கத்துக்கு வருகிறவருக்குக் காட்ட என்ன இருக்கிறது? சுதந்திர வரலாறு இருக்கிறது. 1954 மார்ச் இறுதியில் புதுச்சேரி அரசியல் தலைவர் எதுவார் குபேர் தலைமையில் இங்கே இந்தியக் கொடி ஏறியது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான தற்காலிக அரசுக்கு இந்த ஊர்தான் தளம். அதே ஆண்டு அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள்; 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். பாகூரில் சோழர் காலத்து மூலநாதர் கோயில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைத் தானம் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை, பங்காரி, சிங்காரி என்ற தேவதாசிச் சகோதரிகள் வெட்டினார்கள் என்பது ஊர்க்கதை.

இந்தக் கதையைத் தகவல் பலகையில் படிப்பது ஒன்று. மல்லாட்டைச் சட்னியோடு இட்லி பரிமாறிக்கொண்டே, 'எங்க வயலுக்கு அந்த வாய்க்கால் தண்ணிதாங்க' என்று வீட்டுக்காரம்மா சொல்லக் கேட்பது வேறு. காலை உணவை வாடகையோடு சேர்த்து வைத்ததன் பலன் இங்கேதான் தெரிகிறது. சாப்பாடு வீட்டுக்காரரையும் விருந்தாளியையும் நாளுக்கு ஒருமுறையாவது ஒரே இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. அதற்காக டோஸ்ட்டும் ஆம்லெட்டும் தேட வேண்டியதில்லை. கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் போதும், அன்றைக்குக் கரைத்ததாக இருந்தால்.

வீட்டில் மாற்ற வேண்டியவை சில உண்டு. கொல்லைக்கு நடந்து போகாமல் அறையோடு சேர்ந்த குளியலறை, உட்காரும் வகைக் கழிப்பறை, கொசுவலை, வடிகட்டிய குடிநீர், உள்தாழ்ப்பாள் உள்ள கதவு. பெண்கள் தனியாக வரும்போது கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நாட்டு ஓட்டையும் முற்றத்தையும் இடித்துவிட்டு கான்கிரீட் தளம் போடத்தான் பலருக்குக் கை துறுதுறுக்கும். அதைச் செய்யக் கூடாது. பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு, புதுச்சேரி நகரத்தின் தமிழர் பகுதியில் வைசியாள் தெரு வீட்டு முகப்புகளைத் திண்ணையும் தாழ்வாரமுமாக மீட்டெடுத்தது. அந்தத் தெருவுக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

இங்கே எல்லைச் சிக்கலும் ஒன்று உண்டு. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலமல்ல; நெட்டப்பாக்கத்தைச் சுற்றித் தமிழ்நாட்டு ஊர்கள் இருக்கின்றன. ஒரு வயலைத் தாண்டினால் அரசு மாறும், அனுமதி கேட்க வேண்டிய அலுவலகமும் மாறும். விண்ணப்பிக்கும் முன் வீடு எந்தப் பக்கம் என்பதைப் பட்டாவில் பார்த்துவிடுவது நல்லது. ஹோம்ஸ்டேகளுக்கு முத்ரா கடன் தரப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்திருக்கிறது. நெட்டப்பாக்கத்தில் நல்ல கழிப்பறையோடு ஓர் அறை எடுத்துக்கட்ட அந்தக் கடனைக் கேட்கலாம். ஊர்த்தெரு வீட்டுக்காரரும் கேட்கலாம், காலனி வீட்டுக்காரரும் கேட்கலாம்.