பாப்பரசர் கைவிட்ட வருமானம்

புகைத்தலைக் கண்டித்துப் பிரசங்கம் வைப்பது இலகு. புகையிலையால் வரும் பணத்தை வேண்டாமென்பதுதான் கடினம். திருச்சபையும் இதில் தடுமாறியே வந்திருக்கிறது.

1642இல் பாப்பரசர் எட்டாம் உர்பான், ஸ்பெயினின் செவில் மறைமாவட்ட ஆலயங்களுக்குள் புகையிலை பாவிப்போரைச் சபைநீக்கம் செய்வதாக ஆணையிட்டார். அவருடைய கவலை ஆலயத்தின் புனிதத்தைப் பற்றியது, நுரையீரலைப் பற்றியதல்ல. 1863இலோ, பாப்பரசர் ஆட்சியிலிருந்த உரோமையில் ஒன்பதாம் பத்திநாதர் பெரியதொரு புகையிலைத் தொழிற்சாலையையே கட்டுவித்தார்! இரட்சணிய சேனையார் இவ்விடயத்தில் எம்மிலும் கண்டிப்பானவர்கள். அங்கு போர்வீரராகச் சேர்பவர் புகையிலையைத் தொடுவதில்லையென வாக்குக் கொடுக்கவேண்டும்.

வத்திக்கானில் ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் சிகரெட் குறைந்த விலையில் விற்கப்பட்டுவந்தது. நல்ல வருமானம். 2017 நவம்பரில் அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ், அடுத்த ஆண்டு முதல் அவ்விற்பனை இல்லையென முடிவெடுத்தார். மனித உயிரைப் பறித்து வரும் இலாபம் நியாயமானதல்ல என்பதே காரணம்.

எமக்கு இது சங்கடமான செய்திதான். சுருட்டுப் புகையிலை விற்ற காசில் கிணறு வெட்டியவர்களும் பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தவர்களும் எம்மிடையே உண்டு. வத்திக்கானுக்கு வேறு வருமானம் இருந்தது. இடம்பெயர்ந்து வந்து இரவல் காணியில் கமம் செய்பவருக்கு என்ன இருக்கிறது? வெங்காயமோ மிளகாயோ வைத்தால் உரத்துக்கு யார் கடன் தருவார், விளைச்சலை யார் எடுப்பார்? அடுத்தமுறை புகையிலைக் கன்று நடுமுன் பங்குச் சபையில் இதைக் கேளுங்கள். உங்கள் சுவாமியார் சுருட்டுப் பிடிப்பவராயிருந்தாலும் கேளுங்கள்.