ஏற்றுமதித் தோலும் சூழல் முத்திரையும்: பாலாற்றுப் படுகை உணர்த்துவது

வளரும் நாடுகளின் ஏற்றுமதிப் பொருள்களுக்கான சூழல் முத்திரை எதனை அளக்கிறது என்பது அடிப்படையான வினாவாகும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழில் இதற்குத் தக்க சான்று.

தோலைப் பூஞ்சையிலிருந்து காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989 டிசம்பரில் தடைசெய்தது; பொருளில் எஞ்சும் அளவுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என வரம்பிட்டது. மாற்று வேதிப்பொருள்களும் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வக உதவியும் இத்தடையை எதிர்கொள்ளத் துணைநின்றன.

ஆயினும் அவ்வரம்பு நுகர்வோரையே காத்தது, ஆற்றை அன்று. பச்சைத்தோல் கெடாமலிருக்க இடும் உப்பு, ஊறவைக்கும் நீரில் கரைந்து கழிவாகிறது. எச்சச் சோதனையில் தேறிய தோலும் பாலாற்றை மாசுபடுத்தியதாக இருக்கலாம். அம்மாசு குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

இந்தியா 1991இல் மண்பானைச் சின்னத்துடன் தொடங்கிய ஈகோமார்க் திட்டத்தில் தோலும் இடம்பெற்றது. சூழல் அளவைகளுடன் இந்தியத் தரநிலையையும் நிறைவுசெய்ய வேண்டியிருந்த அத்தன்னார்வ முத்திரையை மிகச் சிலரே நாடினர். 2024இல் அதற்குப் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன.

எனவே, இறக்குமதி செய்யும் நாடுகளின் உதவி சோதனைக் கருவிகளோடு அமைந்துவிடலாகாது. சிறு பதனிடுவோர் சுமக்கும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவிலும் அது பங்கேற்கும்போதே முத்திரை சூழலுக்கு உரியதாகும்.