கண்ணாடி மேல் படியும், டைட்டானியம் மேல் படியாது

செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வின் தடிமன் நான்கைந்து நானோமீட்டர்தான். அது ஒரு திடப்பொருளைத் தொட்டால் என்ன ஆகும்?

கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன நுண்குமிழ்களை உப்புநீரில் கலந்து, சுத்தமான கண்ணாடித் தகட்டின் மேல் விடுகிறார்கள். குமிழ்கள் ஒட்டுகின்றன, நெருக்கம் கூடியதும் உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே சவ்வாகப் பரவிவிடுகின்றன. 1980-களில் ஸ்டான்ஃபோர்டில் ஹார்டன் மெக்கானலின் குழு காட்டிய வழி இது. வேடிக்கை என்னவென்றால், சவ்வு கண்ணாடியில் முழுக்க ஒட்டிக்கொள்வதில்லை. நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டருக்குத் தண்ணீர் நிற்கிறது. அதனால் மூலக்கூறுகள் தாராளமாக நகர்கின்றன. ஒளிரும் சாயம் சேர்த்து, ஓரிடத்தை லேசரால் மங்கவைத்தால், சுற்றிலுமிருந்து சாயம் நகர்ந்து வந்து அந்த இடம் மீண்டும் ஒளிர்கிறது.

இதெல்லாம் கண்ணாடியின் குணம். ஆக்சிஜனேற்றம் பெற்ற தங்கத்தின் மேல் அதே குமிழ்கள் உடையாமல் அப்படியே உட்கார்ந்திருப்பதை 1998-இல் ஸ்வீடனின் கெல்லரும் காசெமோவும் குவார்ட்ஸ் படிக எடைமானியில் பார்த்தார்கள். டைட்டானியம் ஆக்சைடும் பெரும்பாலும் அப்படித்தான். குறிப்பிட்ட மின்னூட்டமுள்ள கொழுப்பையும் கால்சியத்தையும் சேர்த்தால்தான் அங்கே குமிழ்கள் உடைந்து சவ்வாகின்றன. மாவு ஒன்றுதான், கல்லுக்குக் கல் தோசை வேறு.

என் கவலை இங்கேதான். பல் வேருக்கும் இடுப்பு மூட்டுக்கும் நாம் வைப்பது டைட்டானியம். காற்று பட்டதுமே அதன் மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். சவ்வைப் பற்றிய பாடத்தில் பெரும்பகுதியோ கண்ணாடி மேலும் மைக்கா மேலும் படித்தது. அங்கே சவ்வு சொன்னபடி கேட்கிறது என்பதால் எல்லோரும் அங்கேயே போகிறார்கள். நோய் எதிர்ப்புச் செல்களின் தொடுகையைப் புரியவைத்ததே கண்ணாடிச் சவ்வுதான் என்பார்கள் ஆய்வாளர்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சவ்விலும், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள் கண்ணாடியில் மாட்டி நகராமல் நின்றுவிடுகின்றன. இடையே பாலிமர் மெத்தை போட்டுச் சமாளிக்கிறார்கள்.

உடலுக்குள் உலோகத்தை முதலில் மூடுவது ரத்தப் புரதங்கள். செல் அதற்குப் பிறகுதான் வருகிறது. மேற்பரப்பின் தூய்மையும் ஒன்றல்ல. தகட்டைப் புற ஊதாக் கதிரில் காட்டிச் சுத்தப்படுத்திய கையோடு பரிசோதிக்கிறது ஆய்வகம். பல் வேருக்கான திருகோ உறைக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கிறது. காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் ஆக்சைடின் மேல் படியப் படிய, தண்ணீரை ஈர்க்கும் தன்மை குறைந்துபோகிறது. அந்தத் திருகின் மேல் சவ்வு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் புதிதாகக் கழுவிய கண்ணாடியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.