வாங்கி விற்றவன் கட்டி விற்கக் கற்ற கதை

வாங்கி விற்பதுதான் நமக்குத் தெரிந்த வியாபாரம். என் வாப்பா அப்படித்தான் செய்தார். நானும் முப்பது வருடங்களாக அதைத்தான் செய்து வந்தேன். கடை கொட்டாஞ்சேனையில், வீடு வெள்ளவத்தையில். தங்கூசி, தூண்டில், ஈயக்குண்டு, கயிறு, வலை தைக்கும் நூல் என்று முகத்துவாரம் மீனவர்களுக்குத் தேவையான சாமான்களைப் புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்பேன். அந்தச் சாமான்களில் ஒன்றையாவது என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

2022ஆம் ஆண்டு அந்த நினைப்பை உண்டாக்கியது. மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. புதிய சரக்கு வரவில்லை. வந்ததும் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஆகஸ்டில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் லீற்றர் 340 ரூபாவானது. படகுகள் கரையில் கிடந்தன, என் கடன் கொப்பியில் பெயர்கள் நீண்டன. அப்போது பழைய வாடிக்கையாளரான படகுக்காரர் ஒருவர், கடையில் தொங்கிய கடைசி ஜிக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானா, ஒரு ஈயம், ஒரு தூண்டில், கொஞ்சம் மயிர். இதுக்கா இந்த விலை? இதை இங்க கட்டேலாதா?"

ஜிக் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். தூண்டிலின் கழுத்தில் ஈயத்தலை வார்த்து, அதன் பின்னால் இறகோ மயிரோ கட்டிய போலி இரை அது. தங்கூசியைத் தளர்த்தினால் தலைகீழாக அமிழும், இழுத்தால் துள்ளி எழும். காயப்பட்ட சிறு மீனென்று நினைத்துப் பாரையும் சீலாவும் பாயும். உயிர் இரை தேவையில்லை என்பதால் செலவும் குறைவு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகளின் உயிர்காப்புப் படகுகளில் வைக்கப்பட்ட மீன்பிடிப் பொதிகளிலும் இறகு கட்டிய ஜிக் இருந்தது.

இனி எனது படிப்பைச் சொல்கிறேன். உலகச் சந்தைக்குப் போகும் இறகுத் தூண்டில்கள் கென்யாவிலும் தாய்லாந்திலும் நம் இலங்கையிலும் கையால் கட்டப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் பெண்களே அந்த வேலையைச் செய்கிறார்கள். அப்படி ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்து விலகிய சகோதரி ஒருவர் என் கடைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். கூலி பேசி, பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் கற்றுத்தரக் கேட்டேன். மேசை விளிம்பில் சிறு இடுக்கியைப் பூட்டி, தூண்டிலை அதில் இறுக்கி, முதலில் நூலை மட்டும் சுற்றச் சொன்னார். நான் சுற்றினேன், அறுந்தது. மறுபடியும் சுற்றினேன், தூண்டில் முனையில் உரசி அறுந்தது.

"நானா, நீங்க நூலை இழுக்கிறீங்க. பிடிச்சுக்கொள்ளத்தான் வேணும்" என்றார்.

முதல் ஜிக்குக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. அது ஜிக் போலவும் இல்லை, தும்புத்தடி போல இருந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் விடும் பிழை மயிரை அள்ளி வைப்பதாம். நிறைய வைத்தால் தண்ணீரில் அசையாது, அடி சுற்றும் இறுகாது. தீக்குச்சி மொத்தத்துக்கு எடுத்து, ஈயத்தலையின் பின்னால் ஒட்டவைத்து, இரண்டு சுற்று தளர்வாகப் போட்டு, மூன்றாவதை இறுக்க வேண்டும். முடிவில் நூலின் நுனி சுற்றுகளுக்கு அடியில் போய் மறையும்படி முடிச்சுப் போட்டு வார்னிஷ் பூச வேண்டும். அந்த முடிச்சுப் பழக எனக்கு மூன்று கிழமை சென்றது.

பழகும்வரை நான் பொறுத்திருந்தேனா? இல்லை. இங்குதான் நான் சறுக்கினேன். இரண்டாவது கிழமையே முப்பது ஜிக் கட்டி, அந்தப் படகுக்காரருக்கே விற்றேன். கடைசி முடிச்சுக்குப் பதிலாகச் சாதாரண முடிச்சு இரண்டு போட்டிருந்தேன். வார்னிஷ் காய ஒரு நாள்கூட விடவில்லை. ஐந்தாம் நாள் அவர் வந்து ஒரு பொலித்தீன் பையை மேசையில் வைத்தார். உள்ளே மயிர் உதிர்ந்த வெறும் ஈயத்தலைகள். அவர் ஏசவில்லை. "எண்ணெய் அடிச்சுப் போன நாள் நானா" என்று மட்டும் சொன்னார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய எண்ணெய்க் காசை யார் கொடுப்பது? வாங்கி விற்ற காலத்தில் சரக்கு பழுதென்றால் கொம்பனியைச் சொல்லித் தப்பிக்கொள்வோம். நானே கட்டியதற்கு யாரைச் சொல்வது? அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

அதன்பிறகு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். கட்டிய ஒவ்வொரு ஜிக்கும் இரண்டு நாள் காய வேண்டும். பிறகு உப்புத் தண்ணீர் வாளியில் ஒரு இரவு ஊற வேண்டும். காலையில் குறட்டால் மயிரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். கழன்றால் என் குப்பைக்கு, நின்றால் கடைக்கு.

பொருட்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஈயம் 327 பாகையில் உருகும், அடுப்பிலேயே உருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் அதைச் செய்யாதீர்கள். ஈயம் நஞ்சு, பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பழைய பற்றரி ஈயம் அதைவிட ஆபத்து. அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். நான் குண்டு வார்க்கும் பட்டறைக்காரரிடமே தலைகளை வார்ப்பித்துக்கொள்கிறேன். ஏற்றுமதியை நினைப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அன்னப் பறவைகள் ஈயக்குண்டை விழுங்கிச் சாகின்றன என்பதால் பிரித்தானியாவில் 1987 முதல் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை இருக்கிறது. வெளிநாட்டில் மான் வால் மயிரில் கட்டுவார்கள். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, மான் மயிர், காட்டுக்கோழி இறகு பக்கமே போகக்கூடாது. ஆட்டு மயிரும் கோழிக்கடையில் வீசும் சேவல் இறகும் போதும். சவர்க்காரத்தில் கழுவி, நிழலில் காயவைத்து, பூச்சி உருண்டை போட்டு வைத்தால் கெடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். இப்போது ஒரு ஜிக் கட்ட எனக்கு ஆறு நிமிடம். தூண்டில் 50, ஈயத்தலை 20, மயிரும் நூலும் 15, வர்ணமும் வார்னிஷும் 25, ஆக 110 ரூபா. கூலி மணித்தியாலத்துக்கு 300 என்று வைத்தால் ஒன்றுக்கு 30. பத்தில் ஒன்று வாளியில் தோற்றால் அந்த 140 ரூபாவை மற்ற ஒன்பதும் சுமக்க வேண்டும், அது ஒன்றுக்கு ஏறக்குறைய 16. மொத்தம் 156. நான் 220க்கு விற்கிறேன். முதலில் போட்ட கணக்கில் என் கூலியும் இல்லை, கழிவும் இல்லை. அதனால் இலாபம் மலை போலத் தெரிந்தது. கைத்தொழில் தொடங்கும் பலர் கவிழ்வது இந்த இரண்டு வரியை எழுதாமல் விடுவதால்தான்.

தூண்டில் இன்னும் இறக்குமதிதான், டொலர் ஏறினால் எனக்கும் ஏறும். இதனால் நான் பணக்காரனாகவும் இல்லை. ஆனால் கற்றுத்தந்த சகோதரியும் இன்னும் இரு பெண்களும் வீட்டிலிருந்தே கட்டித் தருகிறார்கள், எண்ணிக்கைக்குக் கூலி. மற்றக் கடைக்காரர் இருவர் என்னிடம் எடுக்கிறார்கள்.

அந்தப் படகுக்காரர் எட்டு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தார். ஒரு ஜிக்கை எடுத்து, என்னைக் கேட்காமலே மயிரைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "அஞ்சு தாங்க நானா" என்றார். முப்பது கேட்கவில்லை, ஐந்துதான். எண்ணிக் கொடுத்தேன்.