கறள் தின்ற காரின் தளம்: மூடுவதா, மாற்றுவதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கார்கள் வெறும் காட்சிப் பொருட்கள் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்றவை ஒஸ்ரின், மொறிஸ் கார்களே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும், உள்ளதைத் திருத்தி வைத்திருப்பதன் பெறுமதியை எல்லோருக்கும் உணர்த்தின. இயந்திரம் பழுதானால் கார் நின்றுவிடும்; அவ்வளவுதான். தளம் உக்கிய காரோ ஓடிக்கொண்டேயிருக்கும். ஆபத்து அங்கேதான் உள்ளது.

தளம் எதைத் தாங்குகிறது?

1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ40 சமசெற் காருக்குத் தனியான செசி உண்டு. தளம் உக்கினாலும் பாரத்தைச் செசி தாங்கும். 1948இல் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் வெளிவந்து, 1971 வரையில் 16 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியான மொறிஸ் மைனர் அப்படியானதல்ல. அதற்குத் தனிச் செசி இல்லை. தளத் தகடு, கதவின் கீழுள்ள பக்கப் பெட்டி, குறுக்குச் சட்டம் யாவும் ஒன்றாக ஒட்டப்பட்டே காரின் முதுகெலும்பாகின்றன. முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனையும் முன் இருக்கைகளின் கீழுள்ள குறுக்குச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டுள்ளது. ஆகவே மைனரில் தளம் உக்கினால் எலும்பே உக்கியதாகும்.

கறளை அறிவது எப்படி?

கடற்காற்றின் உப்பும், மாரிமழையில் நனைந்து காயாத விரிப்பும் கறளுக்கு வழி திறக்கின்றன. அடியில் பூசிய தார் வெடித்தால் அதனுள் நீர் தங்கி, வெளியே தெரியாமல் தகட்டைத் தின்னும். விரிப்பைத் தூக்கி, திருகாணிச் சாவியால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அத்தகடு உதவாது. கதவு தாழ்ந்து பூட்ட மறுப்பதும், ஜக்கு வைக்கும் இடம் நசிந்து போவதும் கடும் எச்சரிக்கைகள்.

வெட்டுவதற்கு முன்

பற்றறியைக் கழற்றுங்கள். இருக்கை, விரிப்பு யாவற்றையும் அகற்றுங்கள். பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். வெறுமையான தாங்கியிலும் ஆவி நிற்கும். ஒரு பொறி போதும், அது வெடிக்கும். வலப்பக்கச் சாரதியுள்ள மைனரில் பிறேக்கின் முதன்மைச் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழ் இருப்பதால், அதையும் குழாய்களையும் பாதுகாக்க வேண்டும். ஒட்டும் இடத்தின் தாரைச் சுரண்டி எடுங்கள், அது தீப்பிடிக்கும். தண்ணீரும் மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

காரைச் சமமான நிலத்தில் நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்தி, அளவெடுத்துக் கொள்ளுங்கள். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டலாகாது. அப்படி வெட்டினால் கார் நடுவில் வளையும். பின்பு கதவு ஒருபோதும் சரிவரப் பொருந்தாது.

ஒட்டும் முறை

பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டுங்கள். கறள் தகட்டில் ஒட்டு நிற்காது. ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடே இதற்கு ஏற்றது. கூரைத் தகரம் கூடாது. அது மெல்லியது, அதன் நாகப் பூச்சு எரியும் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும்.

புதிய தகடு பழையதன்மேல் 20 மில்லிமீற்றர் அளவு படியட்டும். முதலில் சிறு புள்ளிகளாக ஒட்டி, கதவை மூடிப் பாருங்கள். சரியாயின், ஓரிடத்தில் சிறிது ஒட்டி, அது ஆறும்வரை தூர உள்ள இன்னோரிடத்துக்குச் செல்லுங்கள். ஒரே மூச்சில் ஒட்டிச் சென்றால் தகடு சூட்டில் நெளியும். காஸ் வெல்டிங்கில் சூடு அதிகம் பரவும். மிக் வெல்டிங்கில் அது குறைவு. மெல்லிய தகட்டுக்கு நல்லது. எதுவாயினும் கண்ணுக்குரிய முகமூடி அவசியம். வெறுங்கண்ணால் பார்த்த வெளிச்சத்தின் வலி, சில மணி நேரம் கழித்து, மணல் விழுந்தது போல் வந்து உறுத்தும்.

பின்னர் இணைப்புகளைப் பசையால் அடைத்து, கறள் தடுக்கும் பூச்சிட்டு, பக்கப் பெட்டிகளின் உள்ளே மெழுகு எண்ணெய் செலுத்துங்கள். நீர் வடியும் துவாரங்களை மூடிவிடாதீர்கள்.

எமது கைகளில் உள்ள தொழில்

மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளை 1990களில் எமது நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தனர். காரைப் படைத்த நாட்டுக்கே அதன் பாகத்தை அனுப்பக்கூடிய கைத்திறன் இங்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஒரு கிறைண்டரும் ஒரு வெல்டிங் இயந்திரமும் பொறுமையும் உள்ள இளைஞன் தன் கிராமத்திலேயே இத்தொழிலால் பிழைக்கலாம்.

ஆனால் தொழிலுக்கு நேர்மை வேண்டும். துளையின்மேல் தகரத்தை ஆணியால் இறுக்கித் தார் பூசினால் பார்வைக்குப் புதிதாகவே தோன்றும். பணமும் குறைவாகச் செலவாகும். அதன்மேல் ஒரு குடும்பம் அமர்ந்து பயணம் செய்யும். ஆகவே காரைக் கொடுப்பவர்கள், தார் பூசுவதற்கு முன் ஒட்டு வேலையை நேரில் பார்க்கக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அதை மகிழ்வுடன் காட்டுவார்.