பூட்டிய ரோபோவை உடைக்கலாமா?

மெட்டாடிரேடர் 4 என்ற வர்த்தக மென்பொருளில் தானாக வாங்கி விற்கும் நிரலை வர்த்தகர்கள் 'ரோபோ' என்கிறார்கள். காசு கொடுத்தவர் கைக்குப் பெரும்பாலும் வருவது, இயக்க மட்டுமே முடிகிற இஎக்ஸ்4 கோப்புதான். எம்க்யூ4 என்ற மூலநிரல் எழுதியவரிடமே இருக்கும். நஷ்டம் ஏறி, விற்றவரும் போனை எடுக்காத நாளில், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். அந்த நேரம் பார்த்து டெலிகிராமில் ஒருவர் வருவார்: கோப்பை அனுப்புங்கள், மூலநிரலாக்கித் தருகிறேன், பணம் முன்கூட்டியே.

2014 பிப்ரவரியில் வந்த மெட்டாடிரேடரின் 600-ஆம் பில்டில் இஎக்ஸ்4 கோப்பின் அமைப்பே மாறிவிட்டது. அதை மூலநிரலாக மாற்றித் தந்த பழைய டிகம்பைலர்கள் அதோடு படுத்துவிட்டன. இன்று அதே பெயரில் வரும் எதையும் வர்த்தகம் செய்யும் கணினியில் ஓட்டுவது, கணக்கின் கடவுச்சொல்லை யாரோ ஒருவருக்குத் திறந்துவிடுவதுதான். அப்படியே மூலநிரல் கிடைத்தாலும் எழுதியவரின் விளக்கக் குறிப்புகள் ஒன்றும் அதில் இருக்காது. திருத்தப் போய் லாட் அளவில், அதாவது ஒரு ஆர்டரின் அளவில், பிசகினால் யாரிடம் கேட்பது?

சட்டம் இங்கே நினைப்பதைவிடத் தாராளமானது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, முறையாக வாங்கியவர் நிரல் இயங்குவதைக் கவனித்து, சோதித்து, அதன் அடிப்படைக் கருத்தை அறிந்துகொள்ளலாம். தாமே எழுதிய வேறொரு நிரலோடு அதை இணைக்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காவிட்டால், அதற்காக மட்டும் உள்ளே பார்க்கவும் இடமுண்டு. பெயர் மாற்றி விற்க இடமில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால், 65ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

உண்மையில் பலருக்குத் தேவை நிரல் அல்ல, அது எப்போது வாங்குகிறது, எப்போது விற்கிறது என்பதே. மெட்டாடிரேடரிலேயே உள்ள ஸ்ட்ராடஜி டெஸ்டரில் பழைய விலைகளை வைத்து ஓட்டி, ஒவ்வொரு ஆர்டரையும் குறித்துவந்தால் பாதி விடை கிடைக்கும். பூட்டியிருப்பது ரோபோ அல்ல, விலைப்போக்கைக் காட்டும் இண்டிகேட்டர் என்றால் வேலை இன்னும் சுலபம்: ஐகஸ்டம் கட்டளையால் அதன் மதிப்புகளை உங்கள் நிரலுக்குள் வாங்கலாம், பூட்டைத் தொடவே வேண்டாம். புதிதாக எழுதச் சொல்வதானால், மூலநிரலும் தரப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நம் பங்குச்சந்தைக்கான தானியங்கி நிரல், அதாவது அல்கோ, என்றால் இன்னொரு பிடி உண்டு. லாஜிக்கைக் காட்டாத 'பிளாக் பாக்ஸ்' அல்கோவைத் தருபவர் ரிசர்ச் அனலிஸ்டாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2025 பிப்ரவரி சுற்றறிக்கை. பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்நியச் செலாவணி என்றால், ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தத் தளத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அரட்டையையும் கட்டண ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.